வயதான பெரிய கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்



தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்தவருக்குச் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. வீட்டில் வளர்ந்த மகன் இருக்கிறான். அவன் ஒருநாள் மாலை மெல்லப் பேச்செடுக்கிறான். "அப்பா, புதுச் சின்ன கார் வாங்கினால் ஒன்பது வருசம் பேங்குக்குக் கட்டணும். அந்த விலையிலே பாதியைக் கொடுத்தால் பழைய மெர்சிடிஸ் ஒன்று கைக்கு வரும். ரொக்கமாய்க் கொடுத்துவிட்டால் கடனே இல்லை." கேட்கிற தகப்பனாருக்கும் இது தவறாகப் படுவதில்லை. இன்றைய பேச்சு அந்தத் தகப்பனாருக்கும் அந்த மகனுக்கும், கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கும் உரியது.

இந்த ஆசையை நான் பழிக்கப் போவதில்லை. சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் பத்து காஜாவிலும் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், லயத்துப் பக்கம் நல்ல கார் ஒன்று வருகிறதென்றால் அது துரையின் காராகத்தான் இருக்கும். பிள்ளைகள் ஓடிவந்து ஓரமாய் நின்று பார்ப்பார்கள், தொட மாட்டார்கள். பின்னர் ஈப்போவிலிருந்து வெளியூர் போகும் வாடகைக் கார்களில் டீசல் மெர்சிடிஸ் வண்டிகள் ஓடின. கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ நான்கைந்து பேராகப் பங்கு போட்டு அதில் ஏறிப் போனவர்கள், "மலைபோல் உட்கார்ந்து போகும், ஆட்டமே இல்லை" என்று வந்து சொன்னார்கள். அந்தப் பெயர் நம் வீடுகளில் அப்படித்தான் நுழைந்தது. இன்று சிலிபின், புந்தோங், ஜெலாப்பாங் வட்டாரத்தில் திருமணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய மெர்சிடிஸைத் தேடிப் பிடித்துப் பூ அலங்காரம் செய்கிறோம். ஆகையால் ஆசைக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. செலவைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். பெரிய காரின் விலை வயதாக ஆக இறங்கிக்கொண்டே வரும். ஆனால் அதன் பாகங்களின் விலை அதோடு சேர்ந்து இறங்காது. புதிதாக இருந்தபோது வசதி படைத்தவர் வாங்கிய வண்டி அது. அதன் பாகங்களும் அவர் பணப்பையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. கார் மூன்றாவது, நான்காவது கைக்கு வந்து மலிந்து போகலாம். அதன் தண்ணீர்ப் பம்புக்கோ கியர்ப்பெட்டிக்கோ, வாங்கியவர் தோட்டத் தொழிலாளியின் மகன் என்பது தெரியாது.

நம் பக்கம் மிகுதியாகக் கண்ணில் படும் 124 என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, நான்கு கதவு வண்டி 1995 வரை தயாரானது. 1993க்குப் பின் முகம் சற்று மாறி வந்ததை இங்கே "மாஸ்டர்பீஸ்" என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயது கடந்துவிட்டது. இரும்பு வேலைப்பாட்டில் அது உறுதியான வண்டி. கதவைச் சாத்தும் சத்தத்திலேயே அது தெரியும். எஞ்சினும் எண்ணெய் மாற்றிப் பராமரித்தால் நெடுநாள் உழைக்கும். முப்பது ஆண்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரும்பு அல்ல. கெட்டுப்போவது ரப்பர், பிளாஸ்டிக், மின்கம்பியின் மேலுறை ஆகிய மூன்றுமே.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காலை இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர்கள் நீங்கள். ஆனால் அந்தப் பால் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பழைய காரின் அடியில் குனிந்து பார்த்தால் காணலாம். எஞ்சினைத் தாங்கி நிற்பது ரப்பர் தாங்கி. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகளின் மூட்டுகளில் இருப்பது ரப்பர் புஷ். கியர்ப்பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் இரு முனையிலும், ஆறு துளையுள்ள தட்டுப்போல் ரப்பர் வட்டுகள் இருக்கின்றன. திரும்பத் திரும்ப இழுபட்டும் அமுங்கியும் சோர்ந்துபோகாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு என்பதால் இத்தகைய இடங்களில் அதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அந்த ரப்பருக்கு மூன்று பகைவர்கள்: வெப்பம், எண்ணெய், காற்றிலுள்ள ஓசோன். மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் செருப்பு ஊதி நொய்ந்துபோவதை லயத்தில் யார்தான் பார்க்கவில்லை? எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட, கீழேயுள்ள தாங்கிக்கும் புஷ்களுக்கும் அதே கதிதான்.

எஞ்சின் தாங்கி அமுங்கிப் போனால், கியரைப் போட்டு விளக்குச் சந்தியில் நிற்கும்போது கார் முழுவதும் நடுங்கும். பலர் எஞ்சின்தான் கெட்டுவிட்டதென்று எண்ணி, தீப்பொறிக் கட்டையை மாற்றி, பெட்ரோல் ஊசியைக் கழுவி, வீணாகச் செலவழிக்கிறார்கள். தண்டின் ரப்பர் வட்டு வெடித்தால், கியர் போடும்போது அடியில் 'டொக்' என்று ஓர் அடி விழும். வேகம் எடுக்கும்போது இருக்கைக்கு அடியில் அதிர்வு தெரியும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஓடும்போது வட்டு அறுந்தால் தண்டு சுழன்று அடித்து அடித்தளத்தையே நசுக்கிவிடும். காலத்தில் மாற்றினால் சில நூறு வெள்ளியோடு போவது, விட்டுவைத்தால் ஆயிரங்களில் வந்து நிற்கும். வட்டு, தாங்கி, முன்பக்கத்துக் கைகள், பந்து மூட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தடவை மாற்றுவது நல்லதென்று பட்டறைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒவ்வொன்றாய் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் கூலி கொடுக்க வேண்டும். முன்பக்கத்துக் கைகளைத் தொட்டபோதெல்லாம் சக்கர நேர்சீரும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே தடவை மாற்றும் பணம் முதலிலேயே கையில் இருக்க வேண்டுமே, அதுதான் சங்கடம்.

இனி ஒரு சின்னஞ்சிறு பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் குடும்பங்கள் ஏமாந்து பணத்தை இழக்கும் இடம் இது. 124 வகையின் நான்கு வேகத் தானியங்கிக் கியர்ப்பெட்டியின் பக்கவாட்டில், சிறு டப்பிபோல் ஒரு பாகம் பொருத்தப்பட்டிருக்கும். வாக்குவம் மாடுலேட்டர் என்பார்கள். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை, அதன் உறிஞ்சு காற்றை வைத்து அறிந்து, கியர் மாறும் அழுத்தத்தைச் சீர்செய்வது அதன் வேலை. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு வரும். டப்பிக்குள்ளே இருப்பது ஒரு ரப்பர் சவ்வு. வயதாகி அந்தச் சவ்வு கிழிந்தால், எஞ்சின் அந்தக் குழாய் வழியே கியர்ப்பெட்டியின் சிவப்பு எண்ணெயை உறிஞ்சிக் குடித்து எரிக்கத் தொடங்கும். பின்னால் புகை மண்டும். கியர்ப்பெட்டி எண்ணெயும் நாளுக்கு நாள் குறையும். பார்ப்பவர் எல்லாரும் "எஞ்சின் போச்சு, பிஸ்டன் வளையம் தேய்ந்துபோச்சு" என்றே சொல்வார்கள். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தால் பல மாதச் சம்பளம் கரையும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மூத்த மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைத்து எஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். வேலை முடிந்து கார் வெளியே வந்தது. புகையும் கூடவே வந்தது. கடைசியில் வேறொரு வயதான போர்மன், எஞ்சினை மூடியபடியே விட்டுவிட்டு, குழாயைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தார். உள்ளே சிவப்பு எண்ணெய். சவ்வு கிழிந்திருந்தால் குழாய் ஈரமாக இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் காய்ந்திருக்கும். அவ்வளவே சோதனை. டப்பியை மாற்றும் செலவு எஞ்சின் வேலையின் செலவில் ஒரு சிறு துண்டு. ஆகவே நேயர்களே, தானியங்கிப் பழைய மெர்சிடிஸ் திடீரென்று புகை விட்டால், எஞ்சினைத் திறக்க ஒப்புக்கொள்ளுமுன் அந்தக் குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பணம் உங்களுடையது.

கியர்ப்பெட்டி உண்மையாகவே தேய்ந்திருந்தால் அது வேறு. காலையில் குளிர்ந்த நிலையில் கியரைப் போட்டுவிட்டு, கார் நகர இரண்டு மூன்று வினாடி காத்திருக்க வேண்டியிருந்தால், அல்லது பின்னோக்கிப் போகும் கியர் பிடிக்க மறுத்தால், உள்ளே தகடுகளும் ரப்பர் முத்திரை வளையங்களும் தேய்ந்துவிட்டன என்று பொருள். இது ஆயிரங்களில் பேசும் வேலை.

அடுத்தது மின்கம்பி. 1992 முதல் 1995 வரை வந்த மெர்சிடிஸ் எஞ்சின்களில், மாஸ்டர்பீஸ் என்று பெருமையாக விற்கப்படும் 220, 280 வண்டிகள் உட்பட, எஞ்சின் மேல் ஓடும் கம்பிகளின் மேலுறை காலப்போக்கில் சிதைந்துபோகும் பொருளால் ஆனது. எஞ்சினின் சூடு பட்டுப் பட்டு அது காய்ந்த முறுக்குப்போல் உடைந்து உதிரும். பிறகு கம்பியோடு கம்பி உரசும். எஞ்சின் நின்ற இடத்தில் ஏறி இறங்கும்; திடீரென்று வலுவிழக்கும்; ஒருநாள் இயங்கும், மறுநாள் மறுக்கும். மோசமானால் எஞ்சினின் கணினிப் பெட்டியையும் சுட்டுவிடும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எஞ்சின் கம்பிக்கட்டு மாற்றியாயிற்றா?" மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்தக் காருக்குச் சற்று அதிக விலை கொடுக்கலாம். வாய்ச்சொல் மட்டும் இருந்தால், உறையிலிருந்து வெளியே தெரியும் கம்பியைப் பார்க்க வேண்டும். உறை வெடித்திருந்தால் தொட்டு வளைத்துப் பார்க்க வேண்டாம், இருக்கிறதும் போய்விடும். விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வேறு கார் பாருங்கள்.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் வேலைதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. ஜெலாப்பாங்கிலிருந்து கோலகங்சார் நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில், சாலையோரம் முன்மூடியைத் திறந்துவைத்து நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய பெரிய காரின் ரேடியேட்டருக்கு இருபுறமும் பிளாஸ்டிக் தொட்டிகள் உண்டு. குழாய் மாட்டும் கழுத்துப் பகுதி வயதாகி நொறுங்கும். விசிறியின் நடுவில் உள்ள பிசுபிசுப்பு எண்ணெய்க் கூடு பலமிழந்தால், நெரிசலில் விசிறி சுற்றுவதுபோல் தோன்றும், காற்று இழுக்காது. ஓடும்போது வெப்பம் சரியாகவும், நின்றால் முள் ஏறுவதாகவும் இருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம்.

எஞ்சினின் அடிப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். சூடு மிஞ்சினால் அலுமினியத் தலை வளைந்துகொள்ளும். பிறகு தலையைக் கழற்றிச் சமன்செய்து, நடுவிலுள்ள கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அதற்குள் ஒரு மாதச் சம்பளம் போயிருக்கும். முள் சிவப்பை நோக்கிப் போனால் "வீடு இதோ வந்துவிட்டது" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்னொன்று: கிந்தா பள்ளத்தாக்கு முழுதும் சுண்ணாம்புக் கல் மலை. மலையடி ஊற்றுநீரையோ கிணற்றுநீரையோ ரேடியேட்டரில் ஊற்றினால், கேத்தலின் அடியில் படிவதுபோல் உள்ளே சுண்ணாம்பு படியும். கூலண்ட் கலந்த தூய நீரே ஊற்ற வேண்டும்.

குளிரூட்டி நின்றுபோனால் என்ன, கண்ணாடியைத் திறந்துவிட்டுப் போகலாமே என்பார்கள். ஈப்போ மத்தியானத்தில் அப்படிப் போய்ப் பாருங்கள். 124 வகையில் குளிர்ச்சியைத் தரும் உட்கூடு, முன் பலகைக்குள் ஆழத்தில் ஒளிந்திருக்கிறது. அது ஒழுகினால் முன்பலகை முழுவதையும் கழற்றியாக வேண்டும். பாகத்தின் விலையை விடக் கூலி பெரிதாகத் தெரிவது இதனால்தான். காற்று நிரப்பி இரண்டு வாரத்தில் மறுபடி தீர்ந்துபோகிற காரை "கேஸ் மட்டும் அடித்தால் போதும்" என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சில இளைஞர்கள் 124 பழையதாகத் தெரிகிறதென்று, 2002இல் வந்த 211 வகையை நாடுகிறார்கள். விலை வித்தியாசம் அதிகமில்லை என்பது உண்மை. ஆனால் 2006 நடுப்பகுதி வரை வந்த 211 வண்டிகளில் பிரேக் மின்னணு முறையில் இயங்குவது. அதன் பம்பு எத்தனை முறை பிரேக் அழுத்தப்பட்டது என்று தானே எண்ணிக்கொண்டு, ஒரு கணக்கு வந்ததும் எச்சரிக்கை விளக்கைப் போடும். அந்தக் கூட்டை மாற்றுவது சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காத செலவு. அந்த முறையை 2006இல் நிறுவனமே கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பியது. சில வண்டிகளில் இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றுப்பை. அதுவும் ரப்பர்தான். பை வெடித்தால் காலையில் கார் படுத்த எருமைபோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காற்றடிக்கும் சிறு பம்பு ஓயாமல் ஓடிக் கருகிப்போகும். என்னைக் கேட்டால், பெரிய காரில் ஆசைப்பட்டே தீருவேன் என்பவருக்கு, புதுக் கருவிகள் குறைந்த பழைய 124ஐத்தான் சொல்வேன்.

சாலை வரிக் கணக்கை விற்பவர் வாய்திறந்து சொல்வதில்லை. தீபகற்பத்தில் தனியார் காருக்கு எஞ்சின் அளவைப் பொறுத்து வரி. 660 சி.சி. கஞ்சிலுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 1.5 லிட்டர் மைவிக்கு 90 வெள்ளி. 1998 சி.சி. மெர்சிடிஸ் 200க்கு 379 வெள்ளி. 2199 சி.சி. 220க்கு 579 வெள்ளி. 2799 சி.சி. 280க்கு 1,627 வெள்ளி 50 காசு. கார் வயதாகிறது என்பதற்காக மட்டும் இந்தத் தொகை தானாகக் குறைந்துவிடாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. 280 வண்டியின் வரி அதில் கிட்டத்தட்ட முழுவதையும் விழுங்குகிறது. ஒரே எழுத்து, ஒரே உருவம், பின்னால் ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு. அந்த எண்ணை நம்பாமல் பதிவுப் பத்திரத்தில் உள்ள சி.சி.யைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றி ஒட்டுவது சிலருக்குப் பொழுதுபோக்கு.

பாகங்களை எங்கே வாங்குவது என்பதில் மூன்று வழிகள் உண்டு. நிறுவனப் பெட்டியில் வரும் அசல் பாகம், அதே பாகத்தைச் செய்து கொடுக்கும் ஆலை தன் பெயரில் விற்பது, மலிவான போலி. நடுவில் உள்ளதே நம் போன்றவர்க்கு ஏற்றது. போலி ரப்பர் புஷ் ஓராண்டுகூடத் தாங்காமல் போகலாம்; கூலி மறுபடியும் கொடுக்க வேண்டும். கியர்ப்பெட்டி, கதவு, விளக்கு போன்றவற்றுக்குக் கெடாய் போத்தோங் என்னும் பிரித்து விற்கும் கடைகள் உதவும். ஆனால் அங்கே வாங்கும் பாகத்தில் ரப்பர் இருந்தால், அந்த ரப்பருக்கும் உங்கள் காரின் வயதேதான்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். கார் வந்த முதல் வாரமே பெரிய சக்கரமும் ஒலிப்பெட்டியும் வாங்குவதைக் காண்கிறேன். முதல் மாதப் பணம் தண்ணீர்க் குழாய்கள், பிரேக், டயர் இவற்றுக்கே போக வேண்டும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகக் கூடாது. கலியாணக் காராக வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. முகூர்த்த மாதங்களில் கிடைக்கும். மற்ற மாதங்களில் வரியும் காப்புறுதியும் கிடைப்பதைத் தின்றுவிடும்.

பெயர் மாற்றத்துக்கு முன் பரிசோதனை நிலையத்தில் எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதில் தேறிவிட்டால் கார் நல்ல கார் என்று நினைத்துவிடாதீர்கள். கியர்ப்பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர்கள் எழுதிக் கொடுப்பதில்லை.

ஆகவே பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிட்டு, விடியற்காலையில் போங்கள். போனதும் முன்மூடியில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே தடவையில் இயங்குகிறதா, புகை என்ன நிறம், கியர் போட்டதும் உடனே நகர்கிறதா, நிறுத்தியிருந்த இடத்தில் தரையில் சொட்டு உண்டா என்று பாருங்கள். சொட்டு சிவப்பாக இருந்தால் கியர்ப்பெட்டி, கறுப்பாக இருந்தால் எஞ்சின், நிறமுள்ள நீராக இருந்தால் ரேடியேட்டர். பிறகு அரைமணி நேரம் குளிரூட்டியைப் போட்டு ஓட்டி, ஊருக்குள் நெரிசலில் நிறுத்தி வெப்ப முள்ளைக் கவனியுங்கள். உங்கள் போர்மனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் போர்மன் வேண்டாம். வாங்கும் விலைக்கு இணையான இன்னொரு தொகையை அந்தக் கார் இரண்டு மூன்று ஆண்டுக்குள் கேட்கும் என்பது என் மதிப்பீடு. அந்தத் தொகையைத் தாயார் பெயரில் தனிக் கணக்கில் போட்டுவைத்துவிட்டு, மீதிப் பணத்தில் எந்தக் கார் கிடைக்கிறதோ அதைப் பாருங்கள்.